கரும்பு கூட்டிப்போன தீவுகள்: ஃபிஜிக்குப் போன தென் ஆற்காட்டுக்காரர்கள்

ஃபிஜி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது நீலக் கடல், வெள்ளை மணல், தென்னை மரம், தேனிலவு விளம்பரம். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் அந்தப் பெயர் வேறொன்றை ஞாபகப்படுத்த வேண்டும். கரும்பு!

மூங்கில்துறைப்பட்டுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கரும்பு வெட்டு எப்படிப்பட்ட வேலை என்று விளக்க வேண்டியதில்லை. தோகை உடம்பைக் கீறும், சுணை அரிக்கும், வெயில் ஏறுவதற்குள் கட்டு கட்டியாக வேண்டும். இதே வேலைக்காக நூறு வருடங்களுக்கு முன்பு இந்த ஜில்லாவிலிருந்து ஆட்கள் கப்பல் ஏறிப் போனார்கள். போன இடம் சென்னையிலிருந்து 11,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அப்போது கள்ளக்குறிச்சி மாவட்டமும் இல்லை, விழுப்புரம் மாவட்டமும் இல்லை. எல்லாமே தென் ஆற்காடு ஜில்லாதான். அது 1993-ல் பிரிந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல்.

அந்த மக்களின் கதையைத் தீவு தீவாகப் பார்த்தால்தான் புரியும். ஏனென்றால் ஃபிஜி ஒரு தீவு அல்ல, ஒரு தீவுக்கூட்டம். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு குணம், ஒரு சரித்திரம்.

330 தீவுகள்

ஃபிஜியில் 330-க்கும் மேற்பட்ட தீவுகள். மக்கள் வாழ்வது அவற்றில் மூன்றில் ஒரு பங்கில்தான். பெரியவை இரண்டு: வீட்டி லெவு, வனுவா லெவு. ஃபிஜி மொழியில் 'லெவு' என்றால் பெரிய என்று அர்த்தம். மற்றவை எரிமலைத் தீவுகள், பவளத் தீவுகள், வெறும் மணல் திட்டுகள் என்று பலவகை.

பசிபிக் கடலின் தீவுகளை மெலனீசியா, மைக்ரோனீசியா, பாலினீசியா என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஃபிஜி இருப்பது மெலனீசியாவும் பாலினீசியாவும் சந்திக்கும் இடத்தில். கிழக்கே உள்ள லாவ் தீவுகளில் டோங்கா நாட்டுப் பாலினீசியக் கலப்பு அதிகம். வடக்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரொட்டுமா முழுக்கவே பாலினீசியப் பண்பாடு கொண்ட தீவு. 1881-ல் பிரிட்டிஷார் அதையும் ஃபிஜியோடு சேர்த்தார்கள்.

இன்னொரு சுவாரஸ்யம். ஆங்கிலத்தில் படித்து 'நாடி' என்று சொல்லப்படும் ஊரின் சரியான உச்சரிப்பு 'நாண்டி'. ஃபிஜி மொழியில் ட-வுக்கு முன்னால் ண் ஒலி தானாக வரும், ப-வுக்கு முன்னால் ம் ஒலி வரும். அதனால் 'லபாசா' என்று எழுதியிருந்தாலும் அது லம்பாசா. ண்ட, ம்ப எல்லாம் தமிழனுக்குப் பழகிய ஒலிகள்தானே!

லெவூகா: முதல் கப்பல்

ஒவலாவ் என்ற சிறிய தீவில் இருக்கிறது லெவூகா. ஃபிஜியின் பழைய தலைநகரம். 2013-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1874 அக்டோபர் 10-ம் தேதி தகோம்பாவ் உள்ளிட்ட ஃபிஜித் தலைவர்கள் தீவுகளை பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்தது இங்கேதான்.

அடுத்த வருடமே பெரிய துயரம். சிட்னியிலிருந்து திரும்பிய கப்பலில் தட்டம்மை வந்து இறங்கியது. அந்த நோயையே அறியாத மக்கள். சுமார் 40,000 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சமயத்தில் பதவிக்கு வந்த முதல் கவர்னர் சர் ஆர்தர் கோர்டன் இரண்டு முடிவுகளை எடுத்தார். ஒன்று, ஃபிஜி மக்களின் நிலத்தை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வாங்கக் கூடாது. இரண்டு, ஃபிஜி மக்களைக் கிராமத்திலிருந்து பிரித்துத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

நல்ல முடிவுகள்தான். ஆனால் காலனிக்குப் பணம் வேண்டுமே! பணம் தரக்கூடிய பயிர் கரும்பு. வெட்ட ஆள்? மொரீஷியஸிலும் டிரினிடாடிலும் கவர்னராக இருந்த கோர்டனுக்கு அதற்கு விடை தெரிந்திருந்தது. இந்தியர்கள்.

1879 மே 14-ம் தேதி கல்கத்தாவிலிருந்து 'லியோனிடாஸ்' என்ற கப்பல் லெவூகாவுக்கு வந்தது. சுமார் 460 பேர் இருந்தார்கள். வழியிலேயே காலராவும் அம்மையும் தொற்றியிருந்ததால் ஊருக்குள் விடாமல் பக்கத்திலுள்ள யனுதா லைலை என்ற குட்டித் தீவில் நிறுத்திவைத்தார்கள். இந்தியர்களின் ஃபிஜி வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பித்தது. இந்த மே 14 என்ற தேதியை மறக்க வேண்டாம், பின்னால் மறுபடி வருகிறது.

நுகுலாவ்: மதராஸிலிருந்து வந்தவர்கள்

முதல் 24 வருடங்கள் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து மட்டுமே போயின. ஆட்கள் போதவில்லை என்றதும் 1903-ல் மதராஸ் துறைமுகத்தைத் திறந்தார்கள். 1916-ல் கடைசிக் கப்பல் போகும்வரை ஃபிஜிக்குப் போன இந்தியர்கள் 60,000-க்கும் மேல். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 15,000 பேர், தென்னிந்தியர்கள். தமிழ் ஜில்லாக்களில் வட ஆற்காட்டிலிருந்து நிறையப் பேர். தென் ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், கோயமுத்தூர் பக்கத்துக்காரர்களும் உண்டு. இவர்களோடு தெலுங்கர்களும் மலையாளிகளும் போனார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே பெயர்: 'மதராஸி'.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன தமிழர்கள் பெரும்பாலும் கங்காணி பின்னால் போனார்கள். கங்காணி சொந்த ஊர்க்காரன், சொந்தக்காரன்கூட. ஃபிஜி அப்படியல்ல. முன்பின் தெரியாத ஏஜெண்டிடம் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கில வார்த்தை அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. அப்படிப் போனவர்களுக்கு கிர்மிட்டியர் என்று பெயர் வந்தது.

நீராவிக் கப்பலில் சுமார் ஒரு மாதப் பயணம். சுவா நகருக்கு எதிரே கடலில் தெரியும் நுகுலாவ் என்ற சின்னத் தீவில் இறக்கி, மருத்துவச் சோதனை செய்து, பிறகு தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். கப்பலில் கூட வந்தவர்களைச் சொந்தம்போல நினைத்து 'ஜகாஜி பாய்' என்று அழைத்துக்கொண்டார்கள். அந்தச் சொந்தமும் பல சமயம் நுகுலாவில் பிரிந்துபோனது.

வீட்டி லெவு: லைன் வாழ்க்கை

வீட்டி லெவுவின் கிழக்கில் மழை அதிகம். மேற்கில் மலைக்கு அந்தப் பக்கம் வறட்சி. கரும்புக்கு ஏற்றது மேற்குதான். நாண்டி, லௌடோகா, ம்பா, ராக்கிராக்கி என்று தமிழர்கள் அதிகம் வாழும் ஊர்கள் இந்த வறண்ட பக்கத்திலேயே இருப்பது தற்செயல் அல்ல. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஆர். சர்க்கரைக் கம்பெனி எங்கே ஆலை வைத்ததோ அங்கே இந்தியர்கள் குடியேற்றப்பட்டார்கள். லௌடோகா ஆலை ஓடத் தொடங்கியது 1903-ல். மதராஸிலிருந்து கப்பல் கிளம்பியதும் அதே வருடம்!

தங்குமிடத்துக்குப் பெயர் 'லைன்'. நீளக் கட்டடத்தைத் தடுத்து, ஓர் அறை 10 அடிக்கு 7 அடி. அதில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். தினக்கூலி ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் கொடுத்த வேலையை முழுதாக முடித்தால்தான். முடிக்காவிட்டால் கூலி வெட்டு, கோர்ட், அபராதம், சிறை. வேலைக்கு வராதது குற்றமாகக் கருதப்பட்டது என்பதுதான் இந்த ஒப்பந்தத்தின் கொடுமை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் அனுப்பப்பட்டதால் பெண்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அந்த வாழ்க்கைக்குக் கிர்மிட்டியர் வைத்த பெயர் 'நரக்'. நரகம்.

தமிழர்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. அவர்கள் போவதற்கு முன்பே லைனின் மொழி இந்துஸ்தானி ஆகிவிட்டது. வெள்ளைக்கார மேலாளரும் சர்தாரும் அதில்தான் கட்டளையிட்டார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவனுக்குக் கட்டளையும் புரியாது, பக்கத்து அறைக்காரன் பேசுவதும் புரியாது. பிழைக்க வேண்டுமானால் முதலில் அந்த மொழியைப் படிக்க வேண்டும். ஃபிஜித் தமிழரின் வீட்டுமொழி இன்று பெரும்பாலும் ஃபிஜி இந்தியாக இருப்பதற்கு விதை போடப்பட்டது இங்கேதான்.

1915-ல் சி.எஃப். ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் ஃபிஜி போய்ப் பார்த்து வந்து எழுதிய அறிக்கை, அங்கே தற்கொலைகள் எவ்வளவு அதிகம் என்பதை வெளியே கொண்டுவந்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாட்டை எழுதியது ஃபிஜித் தோட்டங்களில் வதைபட்ட இந்தப் பெண்களை நினைத்துத்தான். 1920 ஜனவரி 1-ம் தேதி மீதமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன.

பெங்கா: இரண்டு தீமிதி

வீட்டி லெவுவுக்குத் தெற்கே பெங்கா என்று ஒரு தீவு. அங்குள்ள சவாவ் குலத்தார் தீ மிதிப்பவர்கள்! குழி வெட்டி, கற்களை அடுக்கி, மேலே கட்டை போட்டு மணிக்கணக்கில் எரித்து, காய்ந்து கிடக்கும் கற்கள்மேல் வெறுங்காலோடு நடப்பார்கள். முன்னோர் ஒருவர் ஓடையில் மீன் பிடித்தபோது கையில் சிக்கிய ஒரு விலாங்கு வடிவ தெய்வம், தன்னை விட்டுவிட்டால் நெருப்பை வெல்லும் சக்தி தருவதாகச் சொன்னதாம். இது அவர்கள் கதை.

தென் ஆற்காட்டில் திரௌபதி அம்மனுக்கும் மாரியம்மனுக்கும் தீ மிதிக்காத ஊர் எது? போனவர்கள் அதையும் கொண்டுபோனார்கள். சுவாவின் மாரியம்மன் கோயில் தீமிதி இன்றும் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி இறங்குகிறார்கள். ஒருவரையொருவர் பார்த்துக் கற்றதல்ல. ஒன்று கல், ஒன்று தணல். கடலின் இரண்டு ஓரங்களில் தனித்தனியாகப் பிறந்த இரண்டு வழக்கங்கள் ஒரே நாட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன.

வனுவா லெவு, ராம்பி, கியோவா

இரண்டாவது பெரிய தீவான வனுவா லெவுவில் லம்பாசா சர்க்கரை ஆலை 1894-ல் வந்தது. இங்கும் கரும்பு, இங்கும் இந்தியர்கள். வரலாற்று ஆசிரியர் பிரிஜ் லால் இந்தப் பக்கத்தில் பிறந்தவர். கிர்மிட்டியரின் பேரன். வட இந்தியாவிலிருந்து போன சுமார் 45,000 பேரின் கப்பல் பாஸ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1983-ல் புத்தகம் போட்டார்.

வனுவா லெவுவுக்குக் கிழக்கே கரும்பு இல்லாத இரண்டு சிறிய தீவுகள். ராம்பி தீவில் இருப்பவர்கள் பனாபா என்ற தொலைதூரத் தீவிலிருந்து வந்தவர்கள். பனாபாவில் உர உற்பத்திக்காக பாஸ்பேட் வெட்டி வெட்டித் தீவையே பாழாக்கிவிட்டதால் 1945 டிசம்பரில் அவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். தீவை வாங்கிய பணமும் அவர்களுக்குச் சேர வேண்டிய பாஸ்பேட் பணம்தான். கியோவாவில் இருப்பவர்கள் துவாலு நாட்டுப் பாலினீசியர். இடம் போதாமல் காசு சேர்த்துத் தாங்களே தீவை விலைக்கு வாங்கி 1947-ல் குடியேறினார்கள்.

ஒப்பிட்டுப் பாருங்கள். பனாபாக்காரர்கள் சொந்தத் தீவை இழந்தாலும் மாற்றாக ஒரு தீவு கிடைத்தது. கியோவாக்காரர்களுக்கு விலைக்குக் கிடைத்தது. கரும்பு வெட்டிய 60,000 பேருக்கு? குத்தகை நிலம் மட்டுமே.

நிலம் யாருடையது?

ஒப்பந்தம் முடிந்தபின் பத்தில் ஆறு பேர் ஊர் திரும்பவில்லை. சி.எஸ்.ஆர். கம்பெனி தன் பெருந்தோட்டங்களைச் சுமார் 10 ஏக்கர் துண்டுகளாக்கி அவர்களிடமே குத்தகைக்குவிட்டது. கூலி விவசாயியானார். ஆனால் நிலம் அவர் பெயரில் இல்லை. நாட்டின் நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ஃபிஜிப் பூர்வகுடிக் குலங்களுக்குச் சொந்தம். அதை விற்க முடியாது. 1940-ல் இதற்கென்று ஒரு நில வாரியமே அமைக்கப்பட்டது.

இது அநியாயமா? அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. ஹவாய்த் தீவுகளைப் பாருங்கள். அங்கே சர்க்கரை முதலாளிகள் முதலில் நிலத்தை வாங்கினார்கள், 1893-ல் ராணி லிலியுகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள், 1898-ல் அமெரிக்கா நாட்டையே எடுத்துக்கொண்டது. ஃபிஜி மக்களுக்கு அந்த நிலை வராமல் காப்பாற்றியது இந்த நிலச் சட்டம்தான். அதே சட்டம்தான் நான்கு தலைமுறையாக உழுதவனைக் குத்தகைக்காரனாகவே வைத்தது. இரண்டு பக்கமும் பயம். ஒருவருக்கு நிலம் போய்விடுமோ என்று, இன்னொருவருக்குக் குத்தகை போய்விடுமோ என்று. இந்தப் பயத்தை உண்டாக்கிவிட்டு லாபத்தோடு போனவர்கள் மூன்றாமவர்கள். சி.எஸ்.ஆர். 1973-ல் ஃபிஜியைவிட்டு வெளியேறியது.

1976 சட்டப்படி 30 வருடக் குத்தகைகள் வந்தன. 1997 முதல் குத்தகைகள் முடிய ஆரம்பித்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வயலைவிட்டு சுவாவின் புறநகர்க் குடிசைகளுக்குப் போயின. அதற்கு முன்பே, 1987 மே 14-ம் தேதி, இந்தியர் ஆதரவோடு வந்த அரசை லெப்டினன்ட் கர்னல் ரம்புகா கவிழ்த்தார். லியோனிடாஸ் வந்து சேர்ந்த அதே தேதி! 2000-ல் ஜார்ஜ் ஸ்பைட் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர் மகேந்திர சௌத்ரியைப் பிணைக்கைதியாக்கினார். பிறகு அவரைச் சிறை வைத்தது எங்கே தெரியுமா? கிர்மிட்டியர் இறங்கிய அதே நுகுலாவ் தீவில்.

1966-ல் மக்கள்தொகையில் பாதிக்குமேல் இருந்த இந்தியர்கள் 2007 கணக்கெடுப்பில் 37.5 சதவீதம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று இரண்டாவது முறையாகக் கப்பல், இல்லை, விமானம் ஏறிவிட்டார்கள். காலம் ஒன்றைச் சரிசெய்தது. 2023 மே 14-ம் தேதி, பிரதமராக இருந்த அதே ரம்புகா, 1987-க்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த வருடம் முதல் கிர்மிட் தினம் அரசு விடுமுறை.

நாண்டி: மிஞ்சியது என்ன?

வீட்டுமொழி போனது. ஆனால் எல்லாமே போய்விடவில்லை. 1926-ல் நாண்டியில் சாது குப்புசாமி முன்னின்று 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசியவர்கள் எல்லோருக்கும் பொதுவான சங்கம். கோயில் கட்டுவதோடு நிற்காமல் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். இன்று 20-க்கும் மேற்பட்ட பள்ளிகள், லம்பாசாவில் ஒரு நர்சிங் கல்லூரி. இந்தப் பள்ளிகளில் ஃபிஜிப் பூர்வகுடிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாண்டி ஊரின் நடுவே ஸ்ரீ சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், தமிழ்நாட்டுக் கோபுர அமைப்பில் புதிதாகக் கட்டி 1994-ல் குடமுழுக்கு செய்யப்பட்டது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அங்கே காவடி எடுக்கிறார்கள். கவுண்டர், முதலியார், பிள்ளை எல்லாம் அங்கே குடும்பப் பெயர்கள்.

அந்தப் பெயர்களுக்குரிய ஊர்கள் எவை? அதைச் சொல்லும் ஒரே காகிதம் கப்பல் பாஸ். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருக்கும். சுவா ஆவணக் காப்பகத்தில் இவை பத்திரமாக இருக்கின்றன. சிக்கல் எங்கே என்றால் எழுத்துக்கூட்டலில். கிர்மிட்டியர் வாயால் சொன்ன ஊரை ஒரு குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். தியாகதுருகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 18-ம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் இங்குள்ள மலைக்கோட்டைக்காகச் சண்டை போட்ட ஆங்கிலேயர், தங்கள் பதிவுகளில் இதை 'தியாகர்' என்றே எழுதிவைத்தார்கள். ஒரு பாஸில் அப்படி இருந்தால், நாண்டியிலோ ஆக்லாந்திலோ உட்கார்ந்திருக்கும் கொள்ளுப்பேரன் இன்றைய வரைபடத்தில் எந்த ஊரைத் தேடுவான்?

அதற்கு உதவி செய்ய இந்தப் பக்கத்து ஆட்களால்தான் முடியும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'கப்பல் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை' என்று யாரைப் பற்றியாவது அவர்கள் கேள்விப்பட்டிருந்தால் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.